அரைப்பேர் பொத்தான்

ஒரே பொத்தான், இரண்டு வேலை. கைபேசியில் படத்தைச் சட்டென்று தட்டினால் செயலி திறக்கும். அரை விநாடி போல அழுத்திப் பிடித்தால் நீக்குவதற்கான தேர்வு வரும். நிரல் எழுதுகிறவருக்கு இது சின்னக் கணக்கு: விரல் பட்டதும் நேரத்தைக் குறி; எல்லை தாண்டினால் தட்டலை ரத்துசெய், மற்ற வேலையை நடத்து.

இதைப் புதுமை என்று இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அட்டன் பக்கம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். கொழுந்து நிறுத்துப் பேர் போடும் எந்தக் கணக்கப்பிள்ளையும் சிரிப்பார். பறித்த கொழுந்தின் எடை, தோட்டம் வைத்த எல்லையைத் தொட்டால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். தராசு முள் கொஞ்சம் தயங்கினால் அரைப்பேர், பாதிச் சம்பளம். மழையில் நின்றதும், அட்டை கடித்ததும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

சம்பளப் பொத்தான் மட்டும் வேறு ரகம். 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் ஒரு தட்டு: தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்றார்கள். ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 ரூபாய் என்று முடிந்தது. மேடையில் தட்டியவர்களுக்கு உடனே கைதட்டல். வருடக்கணக்காக அழுத்திப் பிடித்தவர்களுக்கு விரல்வலி. எந்த எல்லையில் அந்தப் பொத்தான் வேலைசெய்யும் என்று நிரலில் யாரும் எழுதவில்லை. கணினிக்காரர் இதைப் பிழை என்பார். தோட்டத்தில் இதற்குப் பெயர் பேச்சுவார்த்தை.