நுழைந்தும் பொருந்தாமை தொடர்பாக ஒரு மனு

அனுப்புநர்:
வீட்டுக்கு ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யத் துணிந்த குடிமகன்,
சென்னை.

பெறுநர்:
சாக்கெட், ஸ்லாட், பின், கேபிள் ஆகியவற்றின் வடிவத்தை உலகத்துக்கே தீர்மானிக்கும் பெரியோர்கள்,
அவரவர் தலைமை அலுவலகம்.

பொருள்: கணினி உதிரிபாகங்கள் சரியாக நுழைந்தும் வேலை செய்யாமை – நிவாரணம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் பெட்டிகளின் மீது அச்சிடப்பட்டுள்ள வாக்குறுதிகள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

நீங்கள் ஒரே குழு இல்லை என்பது எனக்குத் தெரியும். சாக்கெட்டை ஒருவர் முடிவு செய்கிறார், ரேமை இன்னொருவர், கேபிளை வேறொருவர். எல்லாரும் எப்போதாவது ஒரே மேசையில் உட்கார்ந்து டீ குடித்ததற்கான அடையாளம் உங்கள் பொருள்களில் தென்படவில்லை. ஆனாலும் எங்கள் ஊரில் மனு என்றால் பெறுநர் என்று ஒருவர் இருந்தாக வேண்டும். ஆகவே உங்கள் அனைவரையும் ஒரு குழுவாகப் பாவித்து எழுதுகிறேன். அந்தப் பாவனையையாவது காப்பாற்றிக் கொடுங்கள்.

கணினி அசெம்பிள் செய்ய ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும் என்கிறீர்கள். பொய்யில்லை, ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவர்தான் தேவைப்பட்டது. கூடவே டார்ச், பூதக்கண்ணாடி, பென்டிரைவ், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு கணினி ஆகியவையும் தேவைப்பட்டன. கணினி இல்லாதவன்தான் கணினி வாங்குவான் என்ற எங்கள் மூடநம்பிக்கையைப் போக்கியதற்கு முதல் நன்றி.

உங்களுக்கு விஷயம் தெரியாது என்று சொல்லித் தப்பவிடவும் வழியில்லை. 1995இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற அளவை வகுத்தது. மதர்போர்டு 305 மில்லிமீட்டருக்கு 244 மில்லிமீட்டர், திருகு துளைகள் இன்னின்ன இடத்தில் என்று எழுதி வைத்தார்கள். முப்பது வருஷம் ஆகியும் அந்தத் துளைகள் நகரவில்லை. பழைய கேபினெட்டில் புது மதர்போர்டை வைத்துத் திருகினால் திருகு நேராக இறங்குகிறது. அதாவது, மனம் வைத்தால் உங்களால் முடியும். மனம் எங்கே போனது என்பதைத்தான் இந்த மனு விசாரிக்கிறது.

சாக்கெட்டிலிருந்து தொடங்குகிறேன். இன்டெல் 2009இல் 1156 தொடுமுனைகள் கொண்ட சாக்கெட்டைத் தந்தது. 2011இல் 1155. அந்த ஒற்றை முனையின் தியாகத்தால் உலகம் முழுக்க மதர்போர்டுகள் மாறின. 2013இல் 1150 ஆனது. 2015இல் மனம் மாறி 1151. எண் மாறினால் பொருந்தாது என்ற பாடத்தை நாங்களும் ஒருவழியாகப் படித்து முடித்தோம். உடனே 2017இல் எண்ணை மாற்றாமலேயே பொருந்தாமல் செய்தீர்கள்! எட்டாம் தலைமுறை பிராசஸர் அதே 1151 சாக்கெட்டில் அழகாக உட்கார்ந்தது. முந்தைய இரண்டு தலைமுறைக்கான மதர்போர்டுகளில் உட்கார்ந்ததோடு சரி, எழுந்திருக்கவில்லை. பாடத்திட்டத்தை மாற்றாமல் தேர்வை மட்டும் மாற்றும் கலையை எங்கள் கல்வித்துறை உங்களிடம்தான் கற்றிருக்க வேண்டும்.

எதிர்முகாமான ஏ.எம்.டி. வேறு வழியைப் பிடித்தது. ஏ.எம்.4 என்ற ஒரே சாக்கெட்டைப் பல வருஷம் காப்பாற்றியது. அதற்கு ஒரு கும்பிடு. ஆனால் பிரச்சினை சாக்கெட்டை விட்டுவிட்டு, கணினியை எழுப்பும் ஆரம்ப மென்பொருளான பயாஸில் குடியேறியது. பல மதர்போர்டுகளில் பயாஸ் இருக்கும் சிப் 16 எம்.பி.தான். புதிய பிராசஸர்களுக்கு இடம் ஒதுக்கப் பழைய பிராசஸர்களைப் பட்டியலிலிருந்து அகற்றிய பயாஸ்களும் வந்தன. அப்டேட் செய்தால் பழையது ஓடாது, செய்யாவிட்டால் புதியது ஓடாது. 2018இல் இன்னொரு வேடிக்கை. புது பிராசஸர் வாங்கியவரின் மதர்போர்டில் பழைய பயாஸ். அப்டேட் செய்யக் கணினி ஓட வேண்டும், கணினி ஓட அப்டேட் வேண்டும். கடைசியில் அந்த நிறுவனமே வாடிக்கையாளருக்கு வேறொரு பிராசஸரைக் கைமாற்றாக அனுப்பி, வேலை முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொண்டது. நல்ல மனசுதான். ஆனால் பிராசஸருக்கு பிராசஸர் கடன் வாங்கும் நிலைக்கு யார் கொண்டு வந்தது?

எனக்கு அந்தக் கடன்கூட வாய்க்கவில்லை. ரிச்சி தெருவில் ஒரு கடையில், “இந்த போர்டுக்கு இந்த பிராசஸர் செட் ஆகுமா?” என்று கேட்டேன். “செட் ஆகும் சார். பயாஸ் மட்டும் அப்டேட் பண்ணிக்கோங்க” என்றார். அந்த ‘மட்டும்’ என்னவென்று வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்ய வேண்டும். கோப்பை இறக்கி, கையேட்டில் சொன்ன பெயரை எழுத்துப் பிசகாமல் சூட்ட வேண்டும். குறிப்பிட்ட ஒரு யு.எஸ்.பி. துளையில் செருகி, பக்கத்துப் பொத்தானை விளக்கு மினுக்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். மினுக்கி முடிவதற்குள் கரன்ட் போகக் கூடாது. கடைசி நிபந்தனை மின்வாரியத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால் அதற்குத் தனி மனு போட வேண்டியிருக்கும்.

ரேம் விஷயத்தில் உங்களைப் பாராட்ட ஒரு காரணம் இருக்கிறது. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டுக்கும் 288 முனைகள்தான், நீளமும் ஒன்றுதான். ஆனால் நடுவில் இருக்கும் வெட்டைச் சற்றுத் தள்ளி வைத்தீர்கள். மாற்றிச் செருகப் பார்த்தால் உள்ளேயே போகாது. பொருந்தாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது. உங்கள் மொத்த உற்பத்தியிலும் நான் கண்ட நேர்மையான பள்ளம் அதுதான்.

பள்ளத்தைத் தாண்டினால் பழைய கதை. ரேம் பெட்டியில் வேகம் 6000 என்று போட்டிருக்கும். மாட்டினால் 4800இல் ஓடும். காசு கொடுத்த வேகத்தை வாங்க பயாஸுக்குள் போய் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற வரியைத் தேடி ‘ஆன்’ செய்ய வேண்டும். நான்கு ஸ்லாட் இருக்கிறதே என்று நான்கிலும் நிரப்பினால் வேகம் இன்னும் இறங்கலாம். இரண்டு மட்டும் வாங்கினால் முதலிரண்டு ஸ்லாட்டில் போடக் கூடாது, இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். முதல் ஸ்லாட் எதற்கு என்று கேட்டால், நான்கு வாங்குபவருக்காம். நான்கு வாங்கினால் வேகம் இறங்கும் என்று சொன்னதும் நீங்கள்தான்.

எல்லாவற்றையும் பூட்டி முடித்து ஸ்விட்சை அழுத்தினால் ஃபேன்கள் சுற்றின. திரையில் ஒன்றுமில்லை. மதர்போர்டின் ஓரத்தில் கடுகளவு விளக்குகள் நான்கு: சி.பி.யு., டிராம், வி.ஜி.ஏ., பூட். ரேமைக் குறிக்கும் டிராமுக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு அசையாமல் நின்றது. கடைக்குப் போன் போட்டேன். “டிஸ்பிளே வரலையா சார்? ரேமைக் கழட்டி, துடைச்சு மாட்டுங்க.” தலைமுறை தலைமுறையாக வேலை செய்யும் வைத்தியம்தான். ஆனால் டி.டி.ஆர்.5 கணினி முதல் முறை எழும்போது ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான சிக்னல் நேரத்தைத் தானே சோதித்துப் பழகிக்கொள்கிறது. அதற்குச் சில நிமிடம் ஆகும், அதுவரை திரை இருண்டே இருக்கும். அந்த நிமிடங்களில் பயந்துபோய் கரன்டை நிறுத்தினால் சோதனை மறுபடி ஆரம்பத்திலிருந்து. இத்தனையையும் ‘முதல் முறை நேரமாகும், காத்திருக்கவும்’ என்று ஒரு ஸ்டிக்கரில் முடித்திருக்கலாம். ஸ்டிக்கர் ஒட்டத்தான் செய்கிறீர்கள். பெட்டிக்குள் உங்கள் லோகோ போட்ட ஸ்டிக்கர்கள் ஒரு தாள் நிறைய இருந்தன.

எஸ்.எஸ்.டி. செருகும் எம்.2 ஸ்லாட் இன்னொரு அதிசயம். ஒரே வடிவத்தில் சாட்டா வகையும் உண்டு, என்.வி.எம்.இ. வகையும் உண்டு. என்.வி.எம்.இ. மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா வகை சில சமயம் நுழையும், திருகும் இறங்கும், கணினி மட்டும் அதைக் கண்டுகொள்ளாது. சில மதர்போர்டுகளில் குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் சாட்டா துளைகளில் ஒன்றிரண்டு வேலைநிறுத்தம் செய்யும். அந்தத் துளையில் மாட்டிய பழைய ஹார்டு டிஸ்க்கில் பத்து வருஷத்துக் கல்யாண போட்டோக்களை வைத்திருப்பவர் புது எஸ்.எஸ்.டி.யை மாட்டிவிட்டு, டிஸ்க் செத்துப்போனது என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். காரணம் கையேட்டில் எங்கோ நட்சத்திரக் குறியிட்டுப் பொடியெழுத்தில் கிடக்கும்.

மானிட்டரும் அப்படித்தான். இன்டெல் பிராசஸரின் பெயர்க் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டின் பின்னால் எச்.டி.எம்.ஐ. துளை மட்டும் தாராளமாக இருக்கும். கேபிள் நுழையும், படம் வராது.

இதுவரை சொன்னதெல்லாம் நேரத்தோடும் பொறுமையோடும் போகும். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். காசையும் சேர்த்துக் கொண்டுபோகும். கேபிளைக் கழற்றி மாட்டும் மாடுலர் வகையில், மதர்போர்டு பக்கத்து முனைக்கு விதி இருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து முனைக்குப் பொதுவான விதி இல்லை. ஒரு கம்பெனியின் கேபிள் இன்னொரு கம்பெனியின் பெட்டியில் ‘க்ளிக்’ என்று உட்காரும். உள்ளே 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 12 வோல்ட் வந்தால் ஹார்டு டிஸ்க்குக்குப் பால் ஊற்ற வேண்டியதுதான். சில சமயம் ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கிடையிலேயே கேபிள் மாறும். எங்கள் தெருமுனைப் பாத்திரக் கடையில் குக்கர் காஸ்கெட் கேட்டால், எந்தக் கம்பெனி, எத்தனை லிட்டர் என்று இரண்டே கேள்விதான். தவறானதைக் கொடுத்தாலும் மூடி மூடாது, அவ்வளவே. சாம்பார் தீப்பிடிக்காது.

தீ என்றதும், கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் தர 2022இல் வந்த 16 முனை கனெக்டர் நினைவுக்கு வருகிறது. சின்னஞ்சிறு அகலத்துக்குள் 600 வாட் வரை கடத்தும் சாகசம். முழுதாகச் செருகாவிட்டாலும் கரன்ட் பாய்ந்தது, விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டுகளின் முனைகள் உருகின. 2023இல் அதைத் திருத்தி, நிலையை உணரும் நான்கு சின்ன முனைகளின் நீளத்தைக் குறைத்தீர்கள். சரியாக உட்காராவிட்டால் அவை தொடாது, தொடாவிட்டால் கார்டு கரன்டை இழுக்காது. உருகுவது அதோடு அடியோடு நின்றுவிடவில்லை. ஆனால் யோசித்த திசை சரி. ரேமில் வெட்டைத் தள்ளி வைத்தபோது இருந்த அதே புத்திதான் இங்கும் வேலை செய்திருக்கிறது. அந்தப் புத்தியை மற்ற துளைகளுக்கும் கொஞ்சம் செலவழித்தால் என்ன?

யு.எஸ்.பி. பெயர்களைப் பற்றிப் பேசாமல் மனுவை முடித்தால் அந்தத் துறையினர் கோபித்துக்கொள்வார்கள். 2008இல் யு.எஸ்.பி. 3.0. அதையே 2013இல் 3.1 ஜென் 1 என்றீர்கள். 2017இல் 3.2 ஜென் 1 ஆனது. வேகம் என்னவோ மூன்று பெயரிலும் விநாடிக்கு 5 கிகாபிட்தான். ஊர்ப்பெயரை மாற்றினால் சாலை அகலமாகும் என்ற நம்பிக்கை எங்கள் நகராட்சிகளுக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்திருந்தோம்.

விண்டோஸ் 11 கடைசிக் காவலாளி. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா, செக்யூர் பூட் வசதி உண்டா என்று வாசலிலேயே கேட்கும். பழைய விண்டோஸ் 10க்கோ 2025 அக்டோபர் 14இல் வழக்கமான ஆதரவு முடிந்துபோனது. காவலாளி உள்ளே விட்ட பிறகும் இன்டர்நெட் இணைப்பு வேண்டும் என்று நிற்பார். புது மதர்போர்டின் வைஃபைக்கு டிரைவர் விண்டோஸிடம் இல்லாமல் இருக்கும். டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும். வருமானச் சான்றிதழுக்கு இருப்பிடச் சான்றும், இருப்பிடச் சான்றுக்கு வருமானச் சான்றிதழும் கேட்கும் அலுவலகங்களில் பழகிய எங்களை இது அசைக்கவில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எனவே கீழ்க்காணும் கோரிக்கைகளைப் பரிசீலிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்:

1. பொருந்தாதது நுழையக் கூடாது. நுழைந்தது வேலை செய்ய வேண்டும். மற்றதெல்லாம் இதன் கிளைகள்தான்.

2. எங்கள் நாட்டில் 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி பெட்டியின் மீது அதிகபட்ச சில்லறை விலையும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்க வேண்டும். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு விரல்கடை இடம் காலியாகத்தான் இருக்கிறது. உள்ளே எந்த பயாஸ் இருக்கிறது, எந்த பிராசஸர்வரை ஓடும் என்று அங்கே அச்சிடுக.

3. எஸ்.எம்.பி.எஸ். பக்கத்துக் கேபிள் முனைக்கு எல்லாரும் கூடி ஒரே வடிவம் வகுக்க. கூடும் நாளில் டீச் செலவை நாங்கள் ஏற்கத் தயார்.

4. எந்த ஸ்லாட்டை நிரப்பினால் எந்தத் துளை படுத்துக்கொள்ளும் என்பதை அந்தத் துளையின் ஓரத்திலேயே எழுதுக. அங்கே இடமில்லை என்றால், பளபளக்கும் டிராகன் படத்தைச் சற்றுச் சுருக்குக.

5. முதல் முறை திரை இருண்டிருக்கும் என்பதை ஸ்விட்சை அழுத்துவதற்கு முன் சொல்லுக.

தங்கள் மேலான நடவடிக்கையை எதிர்நோக்கி,

இப்படிக்கு,
தங்கள் எல்லாத் துளைகளிலும் விரல் வைத்துப் பார்த்த வாடிக்கையாளர்.

நகல்: மனு எந்தத் துறைக்கும் பொருந்தாத பட்சத்தில், நுழையும் ஏதேனும் ஒரு துறைக்கு.

* இம்மனுவில் காட்டப்பட்டுள்ள மரியாதை விளக்கத்துக்காக மட்டுமே. உண்மையான மரியாதை மாடலுக்கு மாடல் மாறுபடலாம்.