சிலந்திக்கு ஊருக்கு ஒரு தீர்ப்பு

காளஹஸ்தியில் சிலந்தி, பாம்பு, யானை மூவரும் ஒரே லிங்கத்துக்குப் பூசை செய்தார்கள். முறை போட்டுக்கொள்ளாததுதான் வினை. பாம்பு மாணிக்கம் வைத்துவிட்டுப் போகும். யானை அதைக் குப்பை என்று தள்ளிவிட்டு, பொன்முகலித் தண்ணீரை ஊற்றி வில்வம் போடும். பொறுத்துப் பார்த்த பாம்பு ஒருநாள் துதிக்கைக்குள் புகுந்தது. யானை தலையை மோதிக்கொள்ள, இரண்டும் காலி. சிலந்தியோ தன் வலையை எரித்த விளக்குச் சுடர் மேலேயே பாய்ந்து போய்ச்சேர்ந்தது. மூவருக்கும் முக்தி. இன்று முற்பிறவியில் பாம்படித்த தோஷம் என்று சொல்லி ராகு கேது பூசைக்கு டிக்கெட் எடுத்து வரிசையில் நிற்கிறோம். நேரிலேயே பாம்படித்த யானையிடம் யாரும் டிக்கெட் கேட்கவில்லை!

திருவானைக்காவிலும் ஏறக்குறைய இதே வழக்குதான். அங்கே துதிக்கைக்குள் போனது சிலந்தி. தீர்ப்பு மட்டும் வேறு: சிலந்தி திரும்பிப் பிறக்க வேண்டும், அதுவும் சோழ ராஜாவாக. ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் மூவுலகும் ஆள்வான் என்று ஜோசியர் சொல்ல, கமலவதி தன்னைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடச் சொன்னாள். கண் சிவந்து பிறந்த பிள்ளைதான் கோச்செங்கணான். அம்மாவைத் தொங்கவிட்டுப் பிறப்பது சிலந்தி ஜாதகத்துக்குப் பொருத்தம்தான். வளர்ந்ததும் யானை ஏற முடியாதபடி படி வைத்து மாடக்கோயில்களாகக் கட்டித் தள்ளினான். 70 என்று திருமங்கையாழ்வார் கணக்கு. போய்ப் பிறக்க ஆத்மா என்று ஒன்று கிடையாது, பிறப்பு மட்டும் தொடரும் என்பார்கள் பௌத்தர்கள். இந்தச் சோழனிடம் பகையே முழுசாக வந்து பிறந்திருக்கிறது. வினை நுண்ணிய தூசியாக உயிரில் ஒட்டும் என்பார்கள் சமணர்கள். சோழனுக்கு ஒட்டியது நூலாம்படை.

காளஹஸ்தியில் கோபுரமும் மறுபிறவி எடுத்ததுதான். 1516-ல் கிருஷ்ணதேவராயர் கட்டியது 2010 மே 26 அன்று சரிந்தது. 2017-ல் புதிதாக எழுந்து நிற்கிறது.

மறுபிறவி எடுத்தவர்களில் பெரிய கை என்றால் அர்ஜுனன்தான். கண்ணப்பரின் முற்பிறவி அவன் என்பது காளஹஸ்தி ஸ்தல ஐதீகம். அந்தப் பிறவியில் ஒரு பன்றிக்காக, வேடனாக வந்த சிவனிடமே வில்லெடுத்துச் சண்டை போட்டவன். சரி, நீயே வேடனாகப் பிற என்றாயிற்று. திண்ணன் என்ற வேடனாகப் பிறந்து, பன்றியைச் சுட்டு, பதம் பார்த்து, ருசியான துண்டாகப் பொறுக்கிச் சிவனுக்கே ஊட்டினான். பாக்கி பைசலாயிற்று! மறுநாள் காலையில் வந்து, சிந்திய இறைச்சியையும் எலும்பையும் அலம்பித் தள்ளி, ஆகமம் பிசகாமல் மறுபடி பூசை போட்டவர் சிவகோசரியார். எந்தப் பிறவிப் பாவத்துக்கு அவருக்கு இந்தத் துப்புரவு வேலை என்று சேக்கிழார்கூடச் சொல்லவில்லை.