தொப்பி வியாபாரி போட்ட குல்லா

வருமான வரித்துறை ஆண்டுதோறும் ஜூலை 24-ஐ விழாவாகக் கொண்டாடுகிறது. விழா அவர்களுக்கு, செலவு நமக்கு. 1860-இல் அந்த நாளில்தான் இந்தியாவின் முதல் வருமான வரிச் சட்டம் பிறந்தது.

அதைப் பெற்றெடுத்தவர் ஜேம்ஸ் வில்சன். தொப்பி வியாபாரத்தில் தொடங்கி, 'எக்கனாமிஸ்ட்' பத்திரிகையை நிறுவியவர். 1857 கலகத்தை அடக்கிய செலவில் கஜானா காலி. தொப்பிக்காரர் கப்பலில் வந்திறங்கி, ஊருக்கே குல்லா போட்டார். அடித்த தடிக்கான கூலியை அடிவாங்கியவனே கட்ட வேண்டுமாம்!

ஆண்டு வருமானம் 200 முதல் 500 ரூபாய் என்றால் 2 சதவீதம். அதற்கு மேல் 4. இருப்பவனிடம் கூடுதலாக வாங்கு என்ற தத்துவம் தங்கம்தான். கணக்குதான் பித்தளை. 499 ரூபாய் குமாஸ்தாவுக்கு வரி 10 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. துரை மனமிரங்கி 2 ரூபாய் கூட்டிக் கொடுத்தால் வரி 20. "புண்ணியமாப் போகும், கூட்டாதீங்க துரை!" என்று காலில் விழுவதே லாபம்.

சென்னை கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன், மெக்காலேயின் தங்கை புருஷர், பொங்கினார். "வரி வேண்டாம், பட்டாளச் செலவைக் குறை" என்பது அவர் கட்சி. ரகசியமாக எழுத வேண்டியதைப் பத்திரிகைக்கே கொடுத்துவிட்டார். சீட்டு கிழிந்தது. அவர் இடத்துக்கு இலங்கையிலிருந்து வந்த ஹென்றி வார்டு ஒரே மாதத்தில் காலராவில் போனார். அடுத்த சில நாளில், ஆகஸ்ட் 11-இல், வில்சனும் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பில் போய்ச் சேர்ந்தார். வரி மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

1862-இல் 500 ரூபாய்க்குக் கீழே இருந்தவர்களை விட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டு நிதிப் பொறுப்புக்கு வந்தவர் யார்? அதே ட்ரெவெல்யன்! எதிர்த்த வரியையே வசூலித்தார். 4-ஐ 3 ஆக்கியதோடு சரி. 1865-இல் வரி காலாவதியானது. பிறகு வேறு வேறு வேடத்தில் திரும்பி வந்தது.

சுதந்திர இந்தியா வரி ஏணியை வானத்துக்கே சாத்தியது. 1973-74-இல் 11 படிகள். 2 லட்சத்துக்கு மேல் சர்சார்ஜ் சேர்த்து 97.75 சதவீதம். உச்சியில் சம்பாதிக்கும் 100 ரூபாயில் மிச்சம் இரண்டேகால். ஆடிட்டருக்கு காபி வாங்கித் தரலாம். மறு ஆண்டே 77 சதவீதமாக இறக்கினார்கள்.

நம் குமாஸ்தா காலில் விழுந்து 499-லேயே நின்றார். பணக்காரர் யார் காலிலும் விழவில்லை. கணக்குப் புத்தகத்தில் மட்டும் கீழ்ப்படியிலேயே நின்றுகொண்டார்.