வேண்டாதார் இயல்

'பெர்சோனா நான் கிராட்டா' என்பது, வெளிநாட்டுத் தூதரையோ தூதரக அதிகாரியையோ இனி ஏற்பதற்கில்லை என்று ஒரு நாடு அறிவிக்கும் லத்தீன் தொடர். தூதரைக் கைது செய்யக்கூடாது, வழக்கில் இழுக்கக்கூடாது என்று காக்கும் 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையே, அதன் 9ஆம் பிரிவில், பிடிக்காதவரை எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் வேண்டாமென்று சொல்லிவிடலாம் என்கிறது. உரியவர் வந்து இறங்கியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

தலைமைத் தூதர் விஷயத்தில் முன்யோசனை இன்னும் அதிகம். அவரை நியமிக்குமுன் பெயரை அனுப்பிச் சம்மதம் கேட்க வேண்டும். மறுப்பதற்கும் காரணம் கூற வேண்டியதில்லை. பெண் பார்த்து, சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்" என்று எழுந்துகொள்வதன் சர்வதேச வடிவம் இது.

காரணம் தேவையில்லை என்ற சலுகை இருந்தும் நாடுகள் வாயை மூடிக்கொண்டிருப்பதில்லை. 'தூதர் தகுதிக்குப் பொருந்தாத செயல்கள்' என்றொரு சொற்றொடரை வெளியிடுகின்றன. இதற்கு உளவு என்று பொருள்கொள்வதே அறிஞர் மரபு. பேச்சினால் வெளியேறியவர்களும் உண்டு. மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராயிருந்த ஜார்ஜ் கென்னன் 1952இல் பெர்லின் விமான நிலையத்தில் நிருபர்களிடம், தம் மாஸ்கோ வாழ்க்கையைப் போர்க்காலத்தில் நாஜி ஜெர்மனியில் அடைபட்டிருந்த நாட்களோடு ஒப்பிட்டார். சோவியத் அரசு அவரைத் திரும்பி வரவிடவில்லை. மாஸ்கோவில் மனம்விட்டுப் பேசமுடியவில்லை என்பதே அவர் குறை. வெளியே வந்து பேசியதன் விலை அது.

அறிவிப்புக்குப் பின் அனுப்பிய நாடு ஆளைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். நியாயமான காலத்துக்குள் அழைக்காவிட்டால், அவரைத் தூதரகத்தவராகக் கருத மறுக்கலாம். ஆனால் இந்த இயலில் சட்டத்தைவிடக் கணக்கே முக்கியம். 2018இல் முன்னாள் ரஷ்ய உளவு அதிகாரி ஸ்கிரிப்பால் மீது பிரிட்டனில் நடந்த நச்சுத் தாக்குதலை அடுத்து பிரிட்டன் 23 ரஷ்யர்களை அனுப்பியது. ரஷ்யா 23 பிரிட்டிஷாரை அனுப்பியது. மீதம் பூஜ்யம். 1971இல் கணக்கு இடித்தது. வெளியே போகச் சொன்ன 90 பேர், ஊரில் இல்லாததால் திரும்பி வரக்கூடாது எனப்பட்ட 15 பேர் என்று 105 சோவியத் அதிகாரிகளுக்கு பிரிட்டன் கதவடைத்தது. பதிலடியில் சோவியத் தரப்பு அந்த எண்ணிக்கையை நெருங்கவே இல்லை.

இலக்கணப்படி இதன் பன்மை 'பெர்சோனே நான் கிராட்டே'. மொத்தமாக அனுப்பும் காலத்தில் இவ்வடிவம் பயன்படும். வெளியுறவு வட்டாரத்தில் 'பி.என்.ஜி.' என்று சுருக்கி, வினைச்சொல்லாகவும் புழங்குகிறார்கள். பாப்புவா நியூ கினிக்கும் ஒருவகைக் கணினிப் படக்கோப்புக்கும் இதே சுருக்கம் வழங்குகிறது. மூன்றுக்கும் உறவிருப்பதாகச் சான்று கிடைக்கவில்லை.

தூதர் அல்லாதாருக்கும் இத்தகுதி வழங்கப்படுகிறது. மணிலாவில் படப்பிடிப்புக்குப் போய்வந்து அந்நகரைப் பழித்துப் பேசிய ஹாலிவுட் நடிகை கிளேர் டேன்ஸை 1998இல் மணிலா நகர மன்றம் இவ்வாறு அறிவித்து, அவர் படங்களையும் தடை செய்தது. நடிகைக்குத் தூதரகக் காப்பு இல்லை, நகர மன்றத்துக்கு வெளியுறவுத் துறை இல்லை. எனவே 9ஆம் பிரிவு இங்கே செல்லாது. படங்களுக்கு முன்சம்மதம் பெறவேண்டுமா என்பது பற்றியும் உடன்படிக்கை எதுவும் கூறவில்லை.