திருப்பிப் பார்க்கிற அத்தை

எம்ப்ராய்டரி வகுப்பு நடக்கும் எந்த மாடி அறையிலும் பாடம் நடத்தாத, பணமும் கட்டாத ஒரு பெண்மணி ஓர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். டீச்சரின் நாத்தனாராக இருக்கலாம், கீழ்வீட்டுக்காரராக இருக்கலாம், டீச்சருக்கே ஒரு காலத்தில் ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவராகவும் இருக்கலாம். மாணவிகள் அத்தை என்று கூப்பிடுவார்கள். அவர் எழுந்து போனபிறகு திருப்பத்தூர் அத்தை. சொந்த ஊர் கும்பகோணம். திருப்பத்தூரில் இறங்கி ஒரு டீ கூடக் குடித்ததில்லை. கையில் எது கிடைத்தாலும் திருப்பிப் பார்ப்பதால் கிடைத்த பட்டம் அது.

ஒரு வாரம் கழுத்து ஒடிய உட்கார்ந்து புல்லியன் நாட் தையலில் ஒரு ரோஜா போட்டிருப்பீர்கள். ஊசியில் நூலை எட்டுச் சுற்று சுற்றி, சுற்று கலையாமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊசியை உருவவேண்டும். அப்படி உருவிய சுருள்களை ஒன்றையொன்று அணைத்தபடி வளைத்துப் படுக்கவைத்தால் ரோஜா. பெருமையோடு அத்தையிடம் நீட்டுகிறீர்கள். அவர் ரோஜாவைப் பார்க்கமாட்டார். துணி அவர் கைக்குப் போகும்போதே குப்புறத்தான் போகும். மூக்குக்கண்ணாடி இறங்கும். "முடிச்சு போட்டிருக்கியா கண்ணு?"

முடிச்சு போடுவது அத்தையின் சட்டப்புத்தகத்தில் பிணையில் வரமுடியாத குற்றம். துவைக்கும்போது அவிழும், இஸ்திரி போட்டால் முன்பக்கம் புடைத்துக்கொண்டு தெரியும். முடிச்சில்லாமல் தொடங்க அவரே வழி காட்டுவார். கடையில் வாங்கும் எம்ப்ராய்டரி நூல் எட்டு மீட்டர் நீளம், ஆறு இழை. அதிலிருந்து ஒற்றை இழையை உருவி, இரண்டாக மடித்து, வெட்டிய இரு நுனிகளையும் ஊசியில் கோக்கவேண்டும். மறுநுனியில் ஒரு காது இருக்கும். முதல் குத்து குத்தித் திரும்பும்போது ஊசியை அந்தக் காதுக்குள் விட்டு இழுத்தால் நூல் தானாகப் பூட்டிக்கொள்ளும். முடிக்கும்போது நாலைந்து தையலுக்கு அடியில் ஊசியை நுழைத்து எடுத்து நறுக்கிவிடவேண்டும். முடிச்சில்லாமல் தொடங்கி முடிச்சில்லாமல் முடிவது. சில ஞானிகளுக்கே வாய்த்த விஷயத்தை அத்தை பதினாறு வயதுப் பெண்களிடம் எதிர்பார்க்கிறார்.

"முன்பக்கம் சபைக்குப் போடறது. பின்பக்கம்தான் நீ யாருன்னு சொல்லும்" என்பது அவர் கட்சி. சொல்லவும் செய்யும். துணியைத் திருப்பிவைத்துக்கொண்டு அத்தை ஜாதகம் வாசிப்பார். "இந்த இலை போடறப்ப அடுப்புல பாலை வச்சிட்டு வந்திருக்கே." அப்படித்தான் இருந்திருக்கும். "இங்க போன் வந்திருக்கு. பேசிக்கிட்டே குத்தியிருக்கே." அதுவும் உண்மை. "நூலை இவ்வளவு நீளமாவா கோப்பாங்க? திரும்பக் கோக்கச் சோம்பல்." விரல்நுனியிலிருந்து முழங்கைவரைக்கும்தான் அவர் அனுமதிக்கும் நீளம். அதற்குமேல் போனால் முறுக்கேறிச் சிக்கும். சிக்கினால் கூடு கட்டும். அந்தக் கூட்டை அத்தை கண்டுபிடிப்பார்.

ஃபிரெஞ்ச் நாட் போட்டவர்கள் பாடு இன்னும் மோசம். பூவின் நடுவில் ஒன்று, அங்கே தள்ளி ஒன்று, மூலையில் ஒன்று என்று புள்ளி வைப்பவர்கள் நூலை அறுக்காமல் அடுத்த புள்ளிக்கு அடிவழியாகவே ஓடிவிடுவார்கள். முன்னால் பார்த்தால் நந்தவனம். பின்னால் கேபிள் டிவிக்காரர் வயர் இழுத்த தெரு. வெள்ளைத் துணியில் சிவப்பு நூல் அப்படி ஓடினால் முன்பக்கத்திலேயே நரம்பு தெரியும். அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப்பிடித்து அத்தை வகுப்பு முழுவதற்கும் காட்டுவார்.

ஒரே ஒரு பெண் அவரை மடக்கியதாகச் சரித்திரம் உண்டு. ஸ்டெம் ஸ்டிச் போடச் சொன்ன இடத்தில் அவள் பேக் ஸ்டிச் போட்டுவிட்டாள். இந்த இரண்டுக்கும் ஒரு விசித்திரமான உறவு. ஸ்டெம் ஸ்டிச்சைத் திருப்பினால் பேக் ஸ்டிச் வரிசை. பேக் ஸ்டிச்சைத் திருப்பினால் ஏறக்குறைய ஸ்டெம் ஸ்டிச். டீச்சர் திட்ட வாயெடுத்ததும் அவள் அமைதியாகச் சொன்னாள்: "அத்தை பக்கத்திலேருந்து பாருங்க டீச்சர், சரியாத்தான் இருக்கு." அத்தை திருப்பிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்குத் தனி மரியாதை.

அத்தைக்கே ஒரு தர்மசங்கடம் உண்டென்றால் அது சாட்டின் ஸ்டிச். ஊசியை இதழின் அடிவழியாக முழு அகலமும் கொண்டுபோனால் இரண்டு பக்கமும் ஒரேபோல நிறையும். நூல் இரண்டு மடங்கு ஆகும். அந்தந்த ஓரத்திலேயே துளியூண்டு குத்தித் திரும்பினால் நூல் மிச்சம். பின்பக்கம் வெறும் கோடுதான். நேர்மைக்கும் சிக்கனத்துக்கும் நடுவில் அவர் தவிக்கும் தவிப்பைப் பார்க்கப் பாவமாக இருக்கும். கடைசியில் சொந்த நூல் என்றால் ஓரத்தில், அடுத்தவர் நூல் என்றால் முழுசாக என்று தீர்ப்பாகியிருக்கிறது.

திருப்பிப் பார்க்கும் இந்தப் பழக்கம் வகுப்போடு நிற்பதில்லை. ஜவுளிக்கடையில் பட்டுப்புடவையை எடுத்தால் முந்தியைப் பார்க்குமுன் புட்டாவின் பின்பக்கத்தில் ஜரிகை தொங்குகிறதா என்று பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் எந்த அச்சகம். மாப்பிள்ளை போட்டோ வந்தால் முதுகில் ஸ்டுடியோ முத்திரை, தேதி. படத்திலிருக்கும் முடி ஆறு வருஷத்துக்கு முந்தியது என்று அவர் கண்டுபிடித்ததில் ஒரு சம்பந்தமே நின்றிருக்கிறது. இப்போது போட்டோவெல்லாம் செல்போனில் வருகின்றன. அத்தை போனைத் திருப்புகிறார்.

பைத்தியம் என்று ஒதுக்கவும் முடியாது. அவர் பக்கம் சாட்சிகள் பலமானவை. தார்வாட் பக்கத்துக் கசூத்தி எம்ப்ராய்டரி. கோபுரமும் தேரும் துளசி மாடமும் இழையெண்ணிப் போடுவார்கள். கவந்தி, முர்கி என்ற தையல்களில் ஊசி ஒருமுறை போய், விட்ட இடங்களை நிரப்பிக்கொண்டு வந்த வழியே திரும்பும். இரு பக்கமும் ஒன்றே. அடுத்தது சம்பா கைக்குட்டை. சம்பா என்றதும் அரிசிப் பானையை எட்டிப்பார்க்க வேண்டாம், இமாசலப் பிரதேசத்து ஊர். கண்ணனும் கோபியரும் மெல்லிய துணியில் இரட்டைச் சாட்டின் தையலில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரேமாதிரி நிற்பார்கள். அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அத்தை கணக்கில் அது பின்பக்கத்துக்குக் கிடைத்த குறியீடு.

பஞ்சாபின் புல்காரியைப் பற்றிச் சொன்னால் அவர் கண் கலங்கும். கதர்த்துணியின் பின்பக்கத்தைப் பார்த்தபடியே இழையெண்ணிக் குத்துவார்கள். பட்டு நூல் பூக்கள் மறுபுறம் பூக்கும். லக்னோ சிக்கன் வேலையில் பக்கியா என்றொரு தையல்: மெல்லிய துணியின் பின்னால் ஹெர்ரிங்போன் தையலை நெருக்கிப் போட்டால், முன்னால் ஓரத்தில் பேக் ஸ்டிச் வரிசையும் உள்ளே நூலின் நிழலும் மட்டும் தெரியும். "பார்த்தியா, நிழலுக்குக்கூடப் பின்னாலதான் வேலை" என்பார்.

இவ்வளவு பேசுகிறவரின் கைவேலையைப் பார்க்க ஒருநாள் மாணவிகள் வீட்டுக்கே போய்விட்டார்கள். கூடத்தில் மயில் ஒன்று சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. ஒரு பிசிறில்லை, ஒரு முடிச்சில்லை, நூல் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் தெய்வத்துக்கே வெளிச்சம். எல்லோரும் வாய்பிளந்தார்கள். ஒரு குறும்புக்காரி சட்டத்தைத் திருப்பினாள். அந்தப் பக்கத்துக்கும் கண்ணாடி போட்டிருந்தது. முன்பக்கம் அங்கேதான் இருந்தது. "கோழி அழகா இருக்கு அத்தை" என்றாள் அவள். அத்தை கோபப்படவில்லை. "திருப்பி மாட்டு" என்றார்.

பிறகு ஆரி எம்ப்ராய்டரி வந்தது. தெருவுக்குத் தெரு கல்யாண ரவிக்கை, பாசி, குந்தன், ஜர்தோசி, விலை ஆயிரங்களில். ஸ்டாண்டில் இறுக்கிக் கட்டிய துணி. மேல் கை கொக்கி ஊசியைக் குத்த, கீழ்க் கை நூலை மாட்டிக் கொடுக்கும். திருப்பிப் பார்க்க வழியில்லாததால் அத்தை ஸ்டாண்டுக்கு அடியில் குனிந்து போய்வந்தார். மாணவிகள் காலை நீட்டாமல் உட்காரப் பழகினார்கள். ஆனால் தையற்காரர் கடைசியில் லைனிங் வைத்து அடைத்துவிடுகிறாரே! அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "மூடித் தைச்சிட்டா சரியாப் போச்சா?"

போன முகூர்த்தத்தில் ஒரு மாணவிக்குக் கல்யாணம். ஆரி ரவிக்கையில் பெரிய வேலையெல்லாம் முதுகில்தான். போட்டோகிராபர் மணப்பெண்ணைப் பார்த்து, "கொஞ்சம் திரும்பி நில்லுங்க, ரவிக்கை டிசைன் வரணும்" என்றார். மணமகள் திரும்பினாள். மண்டபமே முதுகைப் பார்த்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தை இப்போதாவது உலகத்துக்குப் புத்தி வந்ததே என்று தலையாட்டினார். அப்புறம் பெண்ணின் அம்மா பக்கம் சாய்ந்து கேட்டார்: "லைனிங்கை ஒரு ஓரமாப் பிரிச்சுக் காட்டச் சொல்லேன்?"