பேர்ப்பலகையைப் பிடுங்கினா ஊரு மறைஞ்சிடுமா?

ஏண்டா மாப்ள, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கே? பொண்ணு வீட்டுக்காரங்க உன் பேரைக் கூகுள்ல தட்டிப் பார்த்துட்டாங்களாமே! பழைய அடிதடி கேஸு மொத வரியிலேயே வந்து நின்னுச்சாம். நீ விடுதலையான சேதி மட்டும் எங்கேயும் காணோமாம். அந்தக் காலத்துல மாப்பிள்ளையப் பத்தி விசாரிக்க நம்ம ஊரு குமராட்சி கடைத்தெருவுக்குத்தான் வருவாங்க. "பையன் தங்கம்"னு நாங்க நாலு பேரு பூசி மெழுகி அனுப்பிடுவோம். கூகுளுக்கு அந்த நாசூக்கு எங்க தெரியுது?

அதுக்காக, "அழிங்கடா"ன்னு ஊரைக் கூட்டாதே. அமெரிக்காவுல பார்பரா ஸ்ட்ரைசாண்ட்னு ஒரு பாட்டுக்காரம்மா. தன்னோட கடலோர வீட்டுப் படத்தை நெட்டுலேர்ந்து எடுக்கணும்னு 2003ல கேஸு போட்டாங்க. அதுவரைக்கும் அந்தப் படத்தை இறக்கிப் பார்த்தது ஆறே தடவை. அதுலயும் ரெண்டு, அந்தம்மாவோட வக்கீலுங்க! சேதி பரவினதும் ஒரே மாசத்துல நாலு லட்சத்துக்கு மேல பார்த்துட்டாங்க. கேஸும் தோத்துப்போச்சு.

ஸ்பெயின்காரர் ஒருத்தர் ஜெயிச்சாரு. கடனுக்காக அவரு சொத்து ஏலத்துக்கு வந்த 1998ஆம் வருச விளம்பரத்தைக் கூகுள் காட்டக் கூடாதுன்னு 2014 மே 13ல ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புக் குடுத்துச்சு. பலன்? மறக்கச் சொன்ன கடனை இப்பச் சட்டக் கல்லூரிப் பிள்ளைங்க பரீட்சைக்குப் படிக்கிறாங்க.

நம்ம பக்கத்துக் கதையக் கேளு. மதுரை ஐகோர்ட்டுக் கிளை 2014ல ஒருத்தரை விடுதலை பண்ணுச்சு. தீர்ப்பு நெட்டுல கிடந்ததால வெளிநாட்டுக் குடியுரிமைக்கே சிக்கலாச்சுன்னு, பேரை எடுக்கச் சொல்லி அவரு மனு போட்டாரு. 2021ல தனி நீதிபதி, மொதல்ல சட்டம் வரட்டும்னுட்டாரு. 2024 பிப்ரவரியில ரெண்டு நீதிபதிங்க, அந்தத் தீர்ப்பை இந்தியன் கானூன்ங்கிற சட்டத் தளத்துலேர்ந்து எடுன்னாங்க. ஜூலையில சுப்ரீம் கோர்ட்டு அதுக்குத் தடை போட்டுச்சு. கோர்ட்டுக்கே இன்னும் பிடிபடாத சங்கதிய நீ ஒரே ராத்திரியில முடிக்கப் பார்க்கிறே!

ஒண்ணு தெரிஞ்சுக்கோ. கூகுள் காட்டுறது வழியை மட்டுந்தான். காட்டுமன்னார்கோயில் ரோட்டுல நம்ம ஊருப் பேர்ப்பலகையைப் பிடுங்கினா குமராட்சி மறைஞ்சிடுமா? அதனால மொதல்ல சேதி போட்டவனுக்கு எழுது. தீர்ப்பு நகலை வச்சு, "விடுதலையானதையும் சேருங்க"ன்னு கேளு. அழின்னா முறுக்கிக்கிறவன்கூட, சேருன்னா இறங்கி வருவான். அவன் திருத்தின பிறகும் கூகுள் பழசையே காட்டினா, காலாவதியான தகவலைப் புதுப்பிக்கிறதுக்குன்னே அங்க ஒரு படிவம் இருக்கு. போன் நம்பர், வீட்டு விலாசம், பேங்க் கணக்கு, அந்தரங்கப் படம் இதுக்கெல்லாம் வேற படிவம். படத்தை வச்சு எவனாவது மிரட்டினா வெக்கப்பட்டுக்கிட்டு நிக்காதே. தேசிய சைபர் கிரைம் தளத்துல புகார் குடு, 1930க்குப் போன் அடி.

நீ மட்டும் என்ன லேசுப்பட்ட ஆளா? பொறந்த நாள் ஃப்ளெக்ஸுல போன் நம்பரைப் பெருசாப் போட்டு, அதையும் படம் புடிச்சு ஃபேஸ்புக்ல ஏத்தினவன்தானே! மொதல்ல உன் கையால போட்டதை உன் கையாலயே எடு.

"நெட்டையே கழுவி விடுறேன், அம்பதாயிரம் குடு"ன்னு ஒருத்தன் வருவான். ஒரு டீ வாங்கிக் குடுத்து பஸ் ஏத்தி விட்டுடு. அந்தப் படிவத்துக்கெல்லாம் கூகுள் ஒத்த ரூபா வாங்குறதில்லை.