நாக் குழுவும் நாக்குக் குழுவும்

மகாகனம் பொருந்திய நம் கல்லூரி நிர்வாகத்தாரின் சமூகத்திற்கு, இருபத்திரண்டு வருஷகாலமாகத் தங்கள் நிழலில் பாடம் நடத்திவரும் அடியேன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது:

சென்ற திங்கட்கிழமை காலை, முதல் மணி அடிக்கும் முன்பே, அலுவலக உதவியாளர் என் அறை வாசலில் தயங்கி நின்று, "சார், பீரோச் சாவியை இப்பவே வாங்கிக்கவா, இல்லே புது ஹெச்.ஓ.டி. கிட்ட நீங்களே குடுத்துடுவீங்களா?" என்று பரிவோடு வினவியபோதுதான், துறைத் தலைவர் பொறுப்பினின்றும் நான் விடுவிக்கப்பட்ட மங்களச் செய்தி என் செவிக்கு எட்டியது. தங்கள் உத்தரவு தபாலில் வந்து சேர்ந்தது வியாழக்கிழமை. முதல்வர் அறைக்கும் என் அறைக்கும் இடையே நாற்பது அடி.

1994-இல் ஸ்தாபிதமாகி, பெங்களூரில் வீற்றிருந்து கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் (NAAC) அமைப்பின் குழுவினர், தம் ஏழு அளவுகோல்களோடு ஐந்தாண்டுக்கொரு முறை எழுந்தருளுவதற்காக நாம் சுவரெல்லாம் வெள்ளையடிக்கிறோமே, ஆதாரம் இல்லாமல் ஒரு வரியையும் ஏற்காத அக்குழுவைக் காட்டிலும், ஆதாரம் முதலிய அற்ப விஷயங்களைப் பொருட்படுத்தாமல், மாலை நாலு மணித் தேநீரோடு அன்றாடம் கூடித் தரம் வழங்கும் நம் நாக்குக் குழுவன்றோ மேலானது! ஆளுகை, தலைமை, மேலாண்மை என்னும் ஆறாவது அளவுகோலின் கீழ் அதன் நடவடிக்கைக் குறிப்புகளைச் சேர்த்தால், நாக் நமக்கு உச்ச தரம் தராமல் தப்ப முடியாது.

அதன் வேகத்தைப் பாருங்கள். திங்களன்று என்னைப் பீடித்த சர்க்கரை வியாதி, புதனன்று என் இடது பாதத்தை வாங்கிவிட்டது. இரு கால்களாலும் நடந்து நூலகத்துக்குள் நுழைந்த என்னைக் கண்டு நூலகர் அடைந்த ஏமாற்றத்தை நான் மறக்கமாட்டேன்.

சென்ற ஆண்டு, எட்டு வருஷம் ஒப்பந்தத்தில் உழைத்த ஓர் அம்மையாரைப் பற்றி இதே தேநீருக்கு நடுவில் ஒரு பேச்சு எழுந்தது. அவரை அழைத்து ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அந்தப் பேச்சு பொய் என்று தெரிந்த பின்னும் அங்கிருந்த எவருக்கும் வெட்கம் வரவில்லை. அந்தத் தேநீரை நானும்தான் குடித்தேன்.

க்ஷமிக்கவேண்டும், சர்க்கரை சற்று ஏறியிருக்கலாம்.

சாவியை ஒப்படைத்துவிட்டேன். இனி நாக்குக் குழு எனக்கு ஏதேனும் வியாதியை அனுமதிக்கும்போது, அதன் நகலொன்றை எனக்கும் அனுப்ப உத்தரவாகவேண்டும். தபாலில் வேண்டாம், உதவியாளரிடம் சொல்லிவிட்டாலே போதும்.